சாய்ந்து செல்லும் கோடு

வேறொரு விண்மீனைச் சுற்றும் கெல்ட்-9பி என்ற வாயுக்கோளின் பகற்பக்க வெப்பநிலை ஏறத்தாழ 4,600 கெல்வின். விண்மீன்கள் பலவற்றின் மேற்பரப்பே அந்த அளவுக்குச் சூடாக இருப்பதில்லை. அங்கே நீர் மூலக்கூறு சிதைந்துவிடும், இரும்பும் டைட்டானியமும் ஆவியாக மிதக்கும். 2018இல் அவ்விரண்டும் அக்கோளின் வளிமண்டலத்தில் கண்டறியப்பட்டன. இத்தகைய கோள்களின் நிறமாலைத் தரவுகளை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளியின் பதிவுகளைக் கோடைக்கானலில் இருந்தபடி அலசுவதே என் பணி.

ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறங்களில் ஒளியை உறிஞ்சி, நிறமாலையில் இருண்ட கோடுகளைப் பதிக்கும். ஆனால் தாய் விண்மீனிலும் இரும்பு உண்டு என்பதால், எது கோளின் இரும்பு என்று பிரித்தறிவதில்தான் உழைப்பின் பெரும்பகுதி செலவாகிறது. விண்மீனின் குறுக்கே கோள் கடக்கும் சில மணி நேரத்தில், முதலில் நம்மை நோக்கியும் பின்னர் நம்மைவிட்டு விலகியும் அது விரைவதால், அதன் கோடுகள் நீலப் பக்கத்திலிருந்து சிவப்புப் பக்கத்துக்கு நகர்கின்றன. விண்மீனின் கோடுகளோ ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கின்றன. தனிக்கோடு கண்ணுக்குப் புலப்படாது. ஆயிரக்கணக்கான இரும்புக் கோடுகளை ஒருசேரக் கூட்டி, வேகத்தைக் கிடையாகவும் நேரத்தைச் செங்குத்தாகவும் வைத்து வரைந்தால், இரைச்சலுக்கு நடுவே மெல்லிய சாய்கோடு ஒன்று தெரியும். அதைக் காணும் மகிழ்ச்சி எனக்கு இன்றுவரை குறையவில்லை.

கோட்டின் இடப்பெயர்ச்சியிலிருந்து காற்றோட்டத்தைப் படிப்பது இம்மலைக்குப் புதிதன்று. 1909இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளியின் விளிம்புப் பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டார்.

வாஸ்ப்-76பி கோளில் இரும்பு மழை பெய்வதாக 2020இல் செய்திகள் பரவின. எங்களிடம் வரும் மாணவர்கள் அனைவரும் முதலில் கேட்பது அதைத்தான். உண்மையில் அளக்கப்பட்டது மழையன்று. கோளின் மாலை விளிம்பில், அதாவது பகல் முடிந்து இரவு தொடங்கும் எல்லையில், தெரிந்த இரும்பின் தடம், இரவு முடிந்து பகல் தொடங்கும் காலை விளிம்பில் தெரியவில்லை என்பதே அளவீடு. இரவுப் பக்கத்தில் இரும்பு குளிர்ந்து துளியானது என்பது நல்ல விளக்கம். ஆனால் இரு விளிம்புகளுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடும், உயரத்தில் படியும் மேகங்களும் அதே தோற்றத்தைத் தரக்கூடும். கண்டதையும் கருதியதையும் பிரித்துச் சொல்லாமல் மாணவர்களை அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. உலோகங்கள் எல்லாம் ஒரே வெப்பநிலையில் ஆவியிலிருந்து துளியாவதில்லை. துளியாவதுதான் காரணம் என்றால், அவற்றின் தடங்களும் ஒன்றுபோல இருக்கக் கூடாது. எனவே இரும்போடு நிறுத்தாமல், குரோமியம், மாங்கனீசு, சோடியம் ஆகியவற்றின் சாய்கோடுகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு வருகிறோம்.