மேற்குச் சுவர்

எங்கள் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் மொத்தம் 6 பேர். கோயம்புத்தூரில் வடவள்ளிப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து, அதன் ஆசாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறோம். நான் சேர்ந்து 11 வருஷம் ஆகிறது. அலுவலகத்தை ஆரம்பித்த பெரியவரை யாரும் சார் என்று கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் அண்ணாதான். வருஷத்துக்கு 4 வீடுகளுக்கு மேல் எடுக்க மாட்டோம். ஐந்தாவதாக ஒருவர் வந்தால், "அடுத்த தை வரைக்கும் பொறுக்க முடியுங்களா?" என்று கேட்போம். சிலர் பொறுப்பார்கள். பலர் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள்.

வீடு கட்ட வருகிறவர்களோடு முதல் மூன்று தடவை பேசும்போது பேப்பரை வெளியே எடுக்கக் கூடாது என்பது அண்ணா வைத்த பழக்கம். விடியற்காலையில் முதலில் எழுந்திருப்பவர் யார், பால் கறக்க எந்தக் கதவு வழியாகப் போவார், கெடா வெட்டு என்றால் ஒரு பந்திக்கு எத்தனை இலை விழும், வயசானவர் மத்தியானம் எங்கே சாய்வார், இதைத்தான் கேட்போம். ஒரு வீட்டில் பெரியவர் இரண்டு மணி நேரம் கிணற்றைப் பற்றி மட்டுமே பேசினார். அந்த வீட்டின் சமையலறை ஜன்னல் இன்றைக்கும் கிணற்றைப் பார்த்துத்தான் இருக்கிறது.

இங்கே வருவதற்கு முன் ஒன்றரை வருஷம் வேறோர் அலுவலகத்தில் இருந்தேன். எந்தக் கடையில் டைல்ஸ் எடுப்பது என்று முடிவான பிறகுதான் அங்கே தரையை வரைவோம். தேவையே இல்லாத அறைக்கும் ஃபால்ஸ் சீலிங் போட்டிருக்கிறேன். கடைக்காரரிடமிருந்து அலுவலகத்துக்கு வரும் தொகை அதில்தான் இருந்தது. நான் வரைந்த கோட்டுக்கு வீட்டுக்காரர் தெரியாமலே காசு கொடுத்துக்கொண்டிருந்தார். அது ரொம்ப நாள் என்னை உறுத்தியது.

1972-ம் வருஷ ஆர்க்கிடெக்ட் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியும். வேலை பிடித்துக் கொடுப்பதற்காகக் கமிஷன், தள்ளுபடி, பரிசு எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று 1989-ல் வந்த நடத்தை விதிகள் சொல்கின்றன. அண்ணா அதைப் பொருள் வாங்கும் கடைகள் வரைக்கும் நீட்டி வைத்திருக்கிறார். நான் சேர்ந்த வருஷம் தீபாவளிக்கு ஒரு கிரானைட் கடையிலிருந்து ஸ்வீட் பாக்ஸ் வந்தது. அடியில் ஒரு கவர். அண்ணா இனிப்பை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்று கடைக்காரருக்குப் போன் போட்டார். "ஏனுங்க, இந்தத் தொகையை நம்ம கிணத்துக்கடவு பார்ட்டி பில்லுல கழிச்சுருங்க. கழிச்ச பில்லை எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க." அவ்வளவுதான் பேசினார். கவரை அன்றைக்குச் சாயந்தரமே பையன் கொண்டுபோய்க் கொடுத்து வந்தான். அந்தக் கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் எங்களுக்கு நல்ல கல்லாகத்தான் எடுத்து வைக்கிறார்.

எங்கள் கட்டணமும் அப்படித்தான். கட்டடச் செலவில் இத்தனை சதவீதம் என்று வாங்குவது பல இடங்களில் வழக்கம். நாங்கள் முதலிலேயே ஒரு தொகையைப் பேசி, தவணையாக வாங்கிக்கொள்வோம். காரணம் இருக்கிறது. கூரை கான்கிரீட்டின் அடிப்பாதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை, அங்கே பழைய மங்களூர் ஓட்டைப் பதித்தால் சிமென்ட்டும் கம்பியும் குறையும், கூரையின் கனமும் குறையும். எலிப்பொறிக் கட்டு என்று லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய முறையில் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டினால், கல் கிட்டத்தட்ட கால்வாசி மிச்சமாகும். சதவீதக் கணக்கில் வேலை செய்தால் இப்படி மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு ரூபாயும் எங்கள் கூலியைக் குறைக்கும். மனுஷனை அந்த இக்கட்டில் நிறுத்தவே கூடாது என்பார் அண்ணா.

இதனால் சம்பளம் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். என்னோடு படித்தவர்கள் பெங்களூரில் வாங்குவதில் பாதிகூட எனக்கு வராது. 2020 ஊரடங்கில் 4 மாதம் அண்ணா தனக்கு எதுவும் எடுக்காமல் எங்களுக்கு அரைச் சம்பளம் கொடுத்தார். அப்போது ஓர் இடத்திலிருந்து நல்ல சம்பளத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டில் எல்லோரும் போ என்றார்கள். ஒரு வாரம் தூக்கமில்லை. போகவில்லை.

செங்கல் விஷயம் எங்களை வேறு மாதிரி சோதித்தது. ஒருநாள் அண்ணா எங்கள் எல்லோரையும் தடாகம் பள்ளத்தாக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். செம்மண் எடுத்த குழிகளின் விளிம்பில் நின்று பார்த்தோம். நாங்கள் வரைந்த சுவர்களெல்லாம் அந்தக் குழிக்குள் இருந்து வந்தவை. திரும்பி வரும்போது வண்டியில் யாரும் பேசவில்லை. அங்கிருந்த சூளைகள் 2021-ல் மூடப்பட்டன, ஆனால் அதற்கு முன்பே நாங்கள் மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் கல் இறக்குவதை நிறுத்தியிருந்தோம். மனையிலேயே செம்மண் கிடைத்தால் கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்திச் சுடாத கல் போடுவோம். 4 வாரம் ஈரத்தில் வைத்து ஆற வேண்டும், வீட்டுக்காரருக்குப் பொறுமை வேண்டும். பல்லடம், உடுமலைப் பக்கம் கரிசல் காடு என்றால் அந்தப் பேச்சே கிடையாது.

கிணத்துக்கடவு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்னந்தோப்புக்குள் எலிப்பொறிக் கட்டில் பூசாத செங்கல் வீடு. நான் முதல்முதலாக முழுசாக வரைந்த வீடு. மேற்குச் சுவர் 38 அடி. சன்னமாகத் தெரிய வேண்டும் என்று கூரையை ஒன்றரை அடிதான் வெளியே நீட்டியிருந்தேன். ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு எல்லா வீட்டுக்கும் போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஆடி கடைசியில் அங்கே போனபோது உள்பக்கம் படுக்கையறைச் சுவரில் கட்டம் கட்டமாக ஈரம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று சாரலைப் படுக்கைவாட்டில் அடித்திருக்கிறது. அந்தக் கட்டில் சில கற்கள் சுவரின் முழு அகலத்துக்கும் குறுக்கே போகும். அவற்றின் வழியாக ஈரம் உள்ளே வந்திருந்தது.

மேஸ்திரி கரணையின் முனையால் ஒரு கல்லைப் பெயர்த்து எடுத்து உள்ளே காட்டினார். வெற்றிடத்தில் காய்ந்த கலவை கட்டி கட்டியாகக் கிடந்தது. "இதுக்குள்ள கலவை உழுந்துருச்சுன்னா தண்ணிக்குத் தடம் போட்டுக் குடுத்த மாதிரிங்க மேடம். பலகை வெச்சுக் கட்டீருக்கோணும். பசங்களை நான் பாக்காம உட்டுட்டனுங்க" என்றார். அவர் குறை அவ்வளவுதான். மற்றது என் குறை.

வீட்டுக்காரரின் அம்மா பின்னால் வந்து நின்றார். "ஏங்கண்ணு, எங்க பழைய சாளையில மேக்கால எறவாணம் தலை இடிக்கற அளவுக்குத் தாழ்ந்து இருக்கும். உள்ள வாரவங்க குனிஞ்சுதான் வருவாங்க. சும்மாவா அப்படி வெச்சிருப்பாங்க?" அவர் குரலில் கோபமில்லை. அந்தப் பழைய சாளை வீட்டை நான் முதல் சந்திப்பிலேயே பார்த்திருக்கிறேன், போட்டோகூட எடுத்திருக்கிறேன். கூரை சுவரைத் தாண்டி இறங்கும் அந்த எறவாணத்தை மட்டும் அளக்கவில்லை.

அண்ணா அன்று ராத்திரி அலுவலகத்தில் என் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "கோடு நம்மது, செலவும் நம்மது" என்றார். மேற்கே முழு நீளத்துக்கும் 5 அடி அகலத்தில் ஓட்டுச் சாய்ப்பு இறக்கினோம். இணைப்புகளைச் சுரண்டி மறுபடி கலவை வைத்தோம். 78,000 ரூபாய் ஆனது. எங்கள் அளவுக்கு அது பெரிய தொகை. அந்த வருஷம் புதுக் கம்ப்யூட்டர் வாங்கவில்லை. மேஸ்திரி தன் கூலி வேண்டாம் என்றார், அண்ணா விடவில்லை, ஆளுக்குப் பாதி என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரரிடம் என்ன தப்பு, யார் தப்பு என்பதை நானே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எழுதும்போது கை நடுங்கியது.

அதற்குப் பிறகு மேற்கே திறந்திருக்கும் எந்த மனையானாலும், பக்கத்துப் பழைய வீட்டின் எறவாணத்தை டேப் வைத்து அளந்த பிறகுதான் கூரையை வரைகிறேன். அலுவலகத்துக்குப் புதிதாகச் சேருகிறவர்களை முதல் சனிக்கிழமை அந்தக் கிணத்துக்கடவு வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

இந்த ஆனியிலும் போயிருந்தேன். காற்று தென்னை மட்டைகளைப் போட்டு அலசிக்கொண்டிருந்தது. சாய்ப்புக்குக் கீழே கயிற்றுக் கட்டிலில் பாட்டி படுத்திருந்தார், பக்கத்தில் சாக்கில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே போய்ச் சுவர் முழுக்க உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. வடக்கு மூலையில், ஜன்னல் சட்டத்துக்குக் கீழே ஒரு சாண் அளவுக்கு மட்டும் கை குளிர்ந்தது. மேஸ்திரிக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை வருகிறேன் என்றார்.