செவலைக்குப் பட்டிப் பாடம்

பென்னாகரம் பக்கம் ஆட்டுப்பட்டி என்றால் நாய் இருக்கும், ஆனால் பெரும்பாலும் காவலுக்குத்தான். எங்கள் நாய் செவலையை ஆடு திருப்பவும் பழக்க ஆரம்பித்திருக்கிறேன்.

முதலில் ஆடே கிடையாது. கூப்பிட்டால் வரணும், ‘படு’ என்றால் அங்கேயே படுக்கணும். அது பிடிபட்ட பிறகுதான் சாதுவான நாலைந்து மேச்சேரி இனச் செம்மறி ஆடுகளோடு சின்னப் பட்டிக்குள், நீளக் கயிறு கட்டி விடுகிறேன். சினை ஆட்டுப் பக்கம் விடவே மாட்டேன். மிரண்டு ஓடினால் கரு கலைந்துவிடலாம்.

நேற்று நான் இடப்பக்கம் நகர்ந்தேன். செவலை ஆடுகளைச் சுற்றி வந்து, தலையைத் தாழ்த்தி, சரியாக எனக்கு எதிர்ப்பக்கம் நின்றாள். யாரும் சொல்லித்தரவில்லை, ரத்தத்திலேயே இருக்கிறது! அவ்வளவு சந்தோஷம் எனக்கு. கடிக்கப் பாய்ந்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுவேன்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யாராவது இப்படிப் பழக்கியிருந்தால் சொல்லுங்கண்ணா, நேரில் வந்து பார்க்கிறேன்.