துத்தம் சேர்க்காத பசை

பைண்டிங் செய்த புத்தகத்தைப் பார்த்ததும் அந்தப் பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அப்புறம், "இதை நீங்களேவா செய்தீர்கள்?" என்று கேட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்துப் பெருமையாகத் தலையாட்டித் தொலைத்தேன்.

ஸ்காட்லாந்தின் டண்டியில், பழைய காமிக்ஸ் வாங்கி விற்கிற ஒருவரின் மேசை முன்னால் நடந்தது இது. நான் கொண்டுபோனது 'பன்ட்டி'. 1958 ஜனவரியில் தொடங்கி 2001 வரை வந்த சிறுமிகள் இதழ். டி.சி.தாம்சன் நிறுவனம் இதே ஊரிலிருந்துதான் வெளியிட்டது. எழுபதுகளில் வந்த இதழ்கள் ஒரு கட்டு, சாரிட்டி கடையில் சல்லிசாகக் கிடைத்தன.

அதில் 'தி ஃபோர் மேரிஸ்' எனக்கு உயிர். செயின்ட் எல்மோஸ் விடுதிப் பள்ளியில் நான்கு மேரிகள். அவர்களில் சிம்பி மட்டும் உதவித்தொகையில் படிக்க வந்தவள். அவளை யாராவது குத்திக்காட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொடர்கதை என்று ஒன்று கண்ணில் பட்டால் என் கை சும்மா இருக்குமா? ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கி, மேரிகளின் பக்கங்களை மட்டும் உருவி, சணல் நூலால் தைத்து (வங்காளத்துச் சணலை நெய்து பிழைத்த ஊராயிற்றே), மைதாப் பசையில் அட்டை ஒட்டினேன். கடைசிப் பக்கத்துக் காகித பொம்மையையும் அதன் கவுன்களையும் மகள் வெட்டிக்கொண்டாள். வெட்டத்தானே போட்டிருக்கிறார்கள்!

பெரியவர் பொறுமையாக விளக்கினார். துருப்பிடித்தாலும் பின் அதன் இடத்தில் இருக்க வேண்டுமாம். பொம்மையில் கத்தரி படக்கூடாது. ஆண்டு மலர் என்றால் விலை போட்ட மூலை வெட்டுப்படாமல், பெயர் எழுதும் கட்டம் காலியாக இருக்க வேண்டும். முதல் இதழோடு கொடுத்த இலவச மோதிரமும் கூடவே இருந்துவிட்டால் மதிப்பு எங்கேயோ போய்விடும். ஆக, எந்தச் சிறுமியும் ஆசை தீரப் புழங்காத பிரதிக்குத்தான் விலை. என்னுடையதற்கு? "படிக்கலாம்" என்றார்.

ஆறு வருஷத்தில் இந்த ஊர் பழகிவிட்டது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் டிரைவருக்கு நன்றி சொல்லாமல் இறங்கக் கால் வருவதில்லை. ஆனால் அந்த ஒரு 'படிக்கலாம்' என்னைத் தூக்கிக்கொண்டுபோய் விருதுநகர் வீட்டுப் பரணடியில் போட்டுவிட்டது.

எங்கள் வீட்டில் கிழித்ததுதான் நிலைக்கும். வாரப் பத்திரிகை வந்து எல்லோரும் படித்து முடித்ததும் அம்மா தொடர்கதையைக் கிழித்துத் தலையணைக்கடியில் வைப்பாள். மீதி பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போகும். அத்தியாயத்தின் பின்பக்கத்தில் பாதி ஜோக் இருக்கும். மறுபாதி எந்தக் கடையில் கடலை மடித்ததோ. பைண்டிங்குக்கு முன்னாலேயே இரவல் போன பதினாலாம் அத்தியாயம் எதிர்வீட்டு அக்காவிடமிருந்து திரும்பவே இல்லை. கதாநாயகி எதற்காக ஊட்டிக்குப் போனாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் அம்மாவிடம் போனில் புலம்பினேன். விலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பசையில மயில்துத்தம் போட்டியாடி?"

"இல்லம்மா."

"பூச்சி அரிச்சிடும். பிரிச்சு மறுபடி ஒட்டு."

டண்டியில் மயில்துத்தத்தை எந்தக் கடையில் போய்க் கேட்பது?