காலை வெந்நீரில் எலுமிச்சை: நான்கு ஆண்டுப் பழக்கமும் அதன் கணக்கும்

நான்கு ஆண்டுகளாகக் காலையில் எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, ஒரு குவளை வெந்நீரில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குடிப்பதுதான். நச்சை வெளியேற்றும், கொழுப்பைக் கரைக்கும், சிறுநீரகக் கல்லைத் தடுக்கும் என்றெல்லாம் சொல்லப்படுவதைக் கேட்டு, உடம்புக்கு நல்லது என்று முழுமையாக நம்பியதால், அதை ஒரே மூச்சில் குடித்துவிடாமல், செய்தித்தாளைப் புரட்டியபடி அரை மணி நேரம் சிறிது சிறிதாக உறிஞ்சிக் குடிப்பேன். குடித்த கையோடு பல் தேய்ப்பேன். குளிர்ந்த நீர் பட்டாலே முன்பற்கள் கூசத் தொடங்கிய பிறகு பல் மருத்துவரிடம் போனேன். அவர் என் கையில் ஒரு சிறிய கண்ணாடியைக் கொடுத்து, விளக்கைத் திருப்பி, மேல்வரிசை முன்பற்களின் விளிம்பைப் பார்க்கச் சொன்னார். வளர்ந்த நகத்தின் நுனியைப்போல அந்த விளிம்பு ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்திருந்தது. அதற்குச் சற்று மேலே, வெண்மைக்கு அடியிலிருந்த மஞ்சள் தெரிந்தது. “தினமும் புளிப்பாக ஏதாவது குடிக்கிறீர்களா?” என்று அவர் கேட்டார். அந்தக் குவளை என் நினைவுக்கு வரவே சிறிது நேரம் பிடித்தது; அதை நான் நல்ல பழக்கங்களின் கணக்கில் அல்லவா வைத்திருந்தேன்!

அமிலத்தன்மையைக் காட்டும் எண் பிஎச்; அது 7-க்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடும். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் அளவு 2-லிருந்து 2.6 வரை. பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமல், பிஎச் ஏறத்தாழ 5.5-க்குக் கீழே போனாலே கரையத் தொடங்கும். தண்ணீர்தான் கலக்கிறோமே என்று நினைக்கலாம்; ஆனால் எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலத்தைப் பத்து மடங்கு நீர்த்தாலும் பிஎச் அளவு ஓர் எண் முழுதாகக்கூட உயராது. ஆகவே குவளையிலிருப்பது நாக்குக்கு மென்மையாகத் தெரிந்தாலும் பல்லுக்கு அமிலமாகவே இருக்கிறது. உமிழ்நீர் இந்த அமிலத்தைத் தணித்து, மெலிந்த இடத்தில் தாது உப்புகளை ஓரளவு திரும்பச் சேர்க்கும். அதற்கு அவகாசம் வேண்டும். நானோ மிடறு மிடறாகக் குடித்து அந்த அவகாசத்தைப் பறித்தேன். மென்மையாகிப்போன பரப்பின்மேல் உடனே தூரிகையையும் போட்டுத் தேய்த்தேன். செய்யக்கூடாத இரண்டையும் ஒழுங்காகச் செய்திருக்கிறேன் என்பது அன்றுதான் விளங்கியது.

சரி, பல்லைக் கொடுத்து நான் வாங்கியது என்ன என்று பார்க்க வேண்டும் அல்லவா?

முதலில் வைட்டமின் சி. அரைப் பழத்தின் சாற்றில் ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிகிராம் இருக்கும். வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல நாடுகளின் பரிந்துரை அதைவிட அதிகம். அந்தக் குறைந்த அளவை வைத்துப் பார்த்தாலும் என் குவளை ஐந்தில் ஒரு பங்கைத்தான் தந்தது. நடுத்தர அளவுள்ள ஓர் ஆரஞ்சுப் பழம் ஒரு நாள் தேவையைத் தனியாகவே நிறைவேற்றிவிடும். எலுமிச்சைக்கு மருந்து என்ற பெயர் வந்ததற்கு உண்மையான வரலாறு இருக்கிறது. 1747-இல் சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர், வைட்டமின் சி பற்றாக்குறையால் வரும் ஸ்கர்வி நோயால் துவண்டிருந்த 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்தைக் கொடுத்தார். தினமும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் உண்ட இருவர் ஒரு வாரத்திற்குள் தேறினார்கள். 1795-இல் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை மாலுமிகளுக்கு முறையாக வழங்கத் தொடங்கியது. ஆனால் அந்த மாலுமிகள் மாதக்கணக்கில் காய்கறியோ பழமோ காணாதவர்கள்; பற்றாக்குறையால் வந்த நோய், பற்றாக்குறை நீங்கியதும் போனது. நாள்தோறும் காய்கறி உண்ணும் ஒருவருக்கு அதே சாறு அதே அதிசயத்தைச் செய்யும் என்று எதிர்பார்க்க இயலாது.

வைட்டமின் சி வேறொரு வேலையை மிக நன்றாகச் செய்கிறது: கீரை, பயறு முதலியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதற்கு அது துணைபுரிகிறது. இரத்தசோகைக்கு ஆளாகக்கூடியவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் இரண்டும் ஒரே வேளையில் வயிற்றுக்குள் போக வேண்டும். வெறும் வயிற்றில் குடிக்கும்போது, அது கைகோக்க வேண்டிய இரும்பு அங்கே இருப்பதில்லை. எலுமிச்சையின் இந்த உண்மையான பயனை, அதற்குப் பொருந்தாத நேரத்தில் குடித்து நான்கு ஆண்டுகள் வீணாக்கியிருக்கிறேனே என்பதுதான் பல்லைவிட எனக்கு வருத்தம் தந்த செய்தி.

சிறுநீரகக் கல் பற்றிய கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. எலுமிச்சையிலுள்ள சிட்ரேட், சிறுநீரில் கால்சியத்துடன் இணைந்து, கல்லாகத் திரளும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உருவாவதைத் தடுக்கிறது. சிறுநீரில் சிட்ரேட் குறைவாக உள்ளவர்களுக்கு மருத்துவர்களே இதைப் பரிந்துரைப்பதுண்டு. ஆய்வுகளில் கொடுக்கப்பட்டதோ நாளொன்றுக்கு 120 மில்லிலிட்டர் அளவிலான சாறு. என் குவளையில் இருந்தது 20 மில்லிலிட்டர். தண்ணீருக்கு இருக்கும் சான்று இதைவிட வலுவானது. ஏற்கெனவே ஒருமுறை கல் வந்த 199 பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்து 1996-இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் 12 விழுக்காட்டினருக்கே மீண்டும் கல் வந்தது. மற்றவர்களில் அது 27 விழுக்காடு.

நச்சை வெளியேற்றும் என்பதையும், உடலைக் காரத்தன்மைக்கு மாற்றும் என்பதையும் அதிகம் ஆராயத் தேவையில்லை. சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. இரத்தத்தின் பிஎச் அளவை நுரையீரலும் சிறுநீரகமும் சேர்ந்து 7.35-க்கும் 7.45-க்கும் இடையே காத்து நிற்கின்றன. அரைப் பழம் அந்த எல்லையை அசைப்பதில்லை. அசைத்தால் அது நலமாக இராது, நோயாகவே இருக்கும். கொழுப்பை எலுமிச்சை கரைப்பதும் இல்லை. சர்க்கரை போட்ட பானத்தை விட்டு இதற்கு மாறியவர்கள் எடை குறைந்திருந்தால், விட்டதுதான் அதற்குக் காரணம். இதில் ஒரு மேசைக்கரண்டி தேன் சேர்த்தால் 60 கலோரிக்கு மேல் கூடுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் காலையில் எனக்குக் கிடைத்த அந்தத் தெளிவும், மலச்சிக்கல் இல்லாமல் வயிறு சுத்தமானதும் பொய்யா? பொய்யில்லை. இரவு முழுவதும் நீர் அருந்தாத உடலுக்கு நீர் கிடைக்கிறது. வெதுவெதுப்பான நீர் இரைப்பையை நிரப்பும்போது பெருங்குடலும் அசையத் தொடங்குகிறது. எலுமிச்சை இல்லாமல் ஒரு மாதம் குடித்துப் பார்த்தேன். வயிற்றைப் பொறுத்தவரை ஒரு நாள்கூட வேறுபாடு தெரியவில்லை. நெஞ்செரிச்சல் மட்டும் குறைந்தது. அது எலுமிச்சையால் வந்தது என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தச் சுவையை விட மனமில்லாதவர்களை நான் தடுக்க மாட்டேன். சாற்றைக் குறைத்து, உறிஞ்சுகுழல் வைத்து, ஒரே தடவையில் குடித்துவிட்டு, வெறும் நீரால் வாய் கொப்பளித்து, பல் தேய்ப்பதற்கு அரை மணி நேரமாவது பொறுத்தால் சேதம் வெகுவாகக் குறையும். சூடும் மிதமாக இருக்கட்டும். 65 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட கொதிசூட்டுப் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியிருக்கிறது.

என் காலைக் குவளையில் இப்போது வெதுவெதுப்பான நீர் மட்டுமே இருக்கிறது. அரை எலுமிச்சம்பழம் மதியத் தட்டுக்கு, கீரையின்மேல் பிழிவதற்கு, இடம் மாறிவிட்டது. தேய்ந்த எனாமல் திரும்ப வளராது என்பதால் அந்த விளிம்பு இன்னமும் மெலிந்துதான் இருக்கிறது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை மருத்துவர் அதைப் படமெடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடுகிறார். கடைசி இரண்டு படங்களுக்கு இடையே மாற்றம் ஏதும் இல்லை.