இன்கா கோயில் வாழ்க்கை: விடைத்தாளில் எங்கே சறுக்குகிறது

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியை ஆண்ட இன்காக்களின் புனிதத் தலங்கள் பற்றித் தேர்வில் கேட்டால் பெரும்பாலான விடைகள் தலைநகர் குஸ்கோவின் சூரியக் கோயிலான கோரிகாஞ்சா, அதன் தங்கத் தகடுகள் என்பதோடு நின்றுவிடும். அந்தத் தங்கத்தை 1533-லேயே ஸ்பானியர்கள் பெயர்த்தெடுத்து உருக்கிவிட்டார்கள். அது நமக்குத் தெரிவது அவர்கள் எழுதிவைத்த குறிப்புகளால்தான். ஆகவே குறிப்பேட்டின் பக்கத்தை நடுவில் மடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஸ்பானியர் காலக் குறிப்புகள் சொல்வது, வலப்பக்கம் அகழாய்வில் கிடைத்தது. இரண்டையும் கலந்து எழுதும் இடத்தில்தான் மதிப்பெண் போகிறது.

'கோயில்' என்ற சொல்லே முதல் பொறி. உள்ளே போய்க் கும்பிட்டுத் திரும்பும் கட்டடத்தை மனத்தில் வைத்து எழுதினால் விடை தடம் மாறிவிடும். இன்காக்களின் 'வாகா', அதாவது புனித இடம், ஒரு பாறையாகவோ, ஊற்றாகவோ, குகையாகவோ இருக்கலாம். பெரிய சடங்குகள் திறந்த சதுக்கத்தில் நடந்தன. முன்னாள் அரசர்களின் பதனிட்ட உடல்களையும் அங்கே கொண்டுவந்து அமர்த்தினார்கள். கோரிகாஞ்சாவைச் சொல்லும்போது சாந்தில்லாமல் இழைத்துப் பொருத்திய கல், உட்பக்கம் சாயும் சுவர், மேலே குறுகும் மாடம் ஆகிய மூன்றும் வரட்டும். அதன்மேல் எழுந்த சாந்தோ தொமிங்கோ மடம் 1950 நிலநடுக்கத்தில் இடிந்தபோது மறைந்திருந்த இன்காச் சுவர்கள் வெளிப்பட்டதையும் ஒரு வரியில் சேருங்கள்.

விடையில் வரையும் படத்துக்கு ஐந்து நிமிடம் போதும். நடுவில் கோரிகாஞ்சா. அதைச் சுற்றிப் பேரரசின் நான்கு பகுதிகள். வடமேற்கில் சின்சாய்சுயு, வடகிழக்கில் அந்திசுயு, தென்கிழக்கில் கொல்யாசுயு ஆகிய மூன்றுக்கும் தலா 9 'செக்கே' கோடுகள், அதாவது வாகாக்களை வரிசைப்படுத்தும் கற்பனைக் கோடுகள்; தென்மேற்கில் குந்திசுயுவுக்கு 14. ஆக 41. இவற்றின்மீது 328 வாகாக்கள் இருந்ததாக 1653-ல் முடிந்த, ஸ்பானியப் பாதிரியார் பெர்னபே கோபோவின் நூல் பட்டியலிடுகிறது. கோடுகளை அளவுகோல் வைத்து நேராக இழுக்காதீர்கள். தொல்லியலாளர் பிரையன் பாவர் களத்தில் நடந்து தேடியபோது பல செக்கேக்கள் வளைந்து நெளிந்தே போயின.

விடையின் பாதி இடத்தை 'அக்யாவாசி' என்ற பெண்கள் இல்லத்துக்குக் கொடுக்கலாம். சிறுவயதிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் நெய்து, சிச்சா என்ற மக்காச்சோள மது காய்ச்சி வாழ்ந்த வளாகம் அது. குறிப்புகளில் அவர்கள் 'சூரியனின் கன்னியர்'. மண் காட்டும் படத்தை வானுகோ பம்பா என்ற இன்கா நகரத்தில் பாருங்கள். தொல்லியலாளர் கிரேக் மோரிஸ் தோண்டிய அடைப்பில் சுமார் 50 கட்டடங்கள் வரிசையாக நிற்க, உள்ளே போக ஒரே வாசல். ஏராளமான பெரிய ஜாடிகளும் தக்களிகளும் நெசவுக் கருவிகளும் கிடைத்தன. ஊருக்கு மேலே குன்றில் 497 களஞ்சியங்கள். சதுக்கத்தில் கூடியவர்களுக்கு அரசின் பெயரால் சிச்சா ஊற்றியதும் துணி கொடுத்ததும் இந்த உழைப்பிலிருந்துதான். சடங்கும் அரசியலும் ஒரே ஜாடியிலிருந்து ஊற்றப்பட்டன என்பதை இங்கே எழுதாவிட்டால் வேறெங்கும் எழுத முடியாது.

அடுத்த சறுக்கல் மலைமேல் உள்ள இன்கா குடியிருப்பான மாச்சு பிச்சு. ஆய்வுப் பயணி பிங்கமின் 1912 பயணத்தில் அங்கே கிடைத்த எலும்புகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை என்று எலும்புகளை ஆய்ந்த ஜார்ஜ் ஈட்டன் முடிவுகட்டினார். கன்னியர் மடம் என்ற கதை அதில் வளர்ந்தது. ஆண்டிஸ் மக்களின் சிறிய உடற்கட்டு அவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோனது. எலும்பு ஆய்வாளர் ஜான் வெரானோ மறுபடி ஆய்ந்தபோது ஆண்களும் கணிசமாக இருந்தார்கள், கைக்குழந்தைகளும் இருந்தார்கள். பழைய கதையை இன்றும் அப்படியே எழுதுகிறவர்கள் உண்டு.

'கபகோச்சா' என்ற பிள்ளைப் பலிக்கு யுயாயியாக்கோ சிகரம் ஒன்றே போதும்: 6,739 மீட்டர் உயரச் சிகரம்; 1999-ல் அங்கே மூன்று பிள்ளைகளின் உறைந்த உடல்கள் கிடைத்தன. மூத்தவளுக்குச் சுமார் 13 வயது. முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால் அவள் கூந்தலே நாட்குறிப்பு. சாவுக்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பு உணவின் தரம் உயர்ந்திருக்கிறது, மெல்லும் கொக்கா இலை கூடியிருக்கிறது. கடைசி வாரங்களில் மது ஏறியிருக்கிறது. அவள் அக்யாவாசியில் வளர்ந்தவளாக இருக்கலாம் என்பது ஊகம். 'இருக்கலாம்' என்ற சொல்லை விடைத்தாளில் விட்டுவிடாதீர்கள்.