மூன்றாவது பயணத்தில் ஏற்கப்பட்ட ஆய்வேடு: கென்னடி கொலையும் மாபியாக் கோட்பாடும்

கடந்த வியாழக்கிழமை பிற்பகல் என் ஆய்வேட்டின் மூன்று பிரதிகளையும் கையளித்துவிட்டேன். அதற்காக மட்டும் ஒட்டுசுட்டானிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மூன்று தடவை போய்வந்தேன். முதல் இரண்டும் வீண். அமெரிக்க ஜனாதிபதி ஜோன் எஃப். கென்னடியின் கொலையில் மாபியாவுக்குப் பங்கிருந்தது என்று சொல்லும் கோட்பாடுகளை அவற்றின் சான்றுகளோடு வைத்து மதிப்பிடுவதுதான் என் தலைப்பு. வன்னியில் படிப்பித்துக்கொண்டே பகுதிநேரமாகப் பட்டப்பின் படிப்பை முடிக்கப் பாடுபடும் ஆசிரியர்கள் வேறும் இருப்பார்கள். இதே போன்றதொரு தலைப்பை எடுக்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று, நான் இடறிய இடங்களை எழுதிவைக்கிறேன்.

இந்தத் தலைப்பை எனக்குத் தந்தவன் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன். தொலைபேசியில் பார்த்த காணொளி ஒன்றை நம்பி, "கென்னடியைச் சுட்டது மாபியாதானே ரீச்சர், அவங்களே ஒப்புக்கொண்டிட்டாங்களாம்" என்றான். ஒப்புக்கொண்டது யார், எந்த விசாரணையில் என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. உண்மையில் என்னிடமும் இல்லை. விசாரணையோ மரணச் சான்றிதழோ இல்லாமல் போன உயிர்களைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லப்படும் மண்ணில் வளர்கிற பிள்ளைக்கு, கதை எதுவரை, சான்று எதுவரை என்று பிரித்துக் காட்டத் தெரியாமல் நான் வரலாறு படிப்பிக்க முடியாது என்று அன்று மனதில் பட்டது. தலைப்புக்கு அனுமதி இரண்டு கிழமைகளில் கிடைத்துவிட்டது. அதில் எந்தச் சிக்கலும் இருக்கவில்லை.

சிக்கல் நூல் தேடியதில் தொடங்கியது. கொலையை முதலில் விசாரித்து, லீ ஹார்வி ஒஸ்வால்ட் என்பவர் தனியாகவே சுட்டார் என்று முடிவுசெய்த வொரன் ஆணைக்குழுவின் அறிக்கை ஒரு நூலகத்தின் பட்டியலில் இருப்பதாக அறிந்து, அதிபரின் கடிதத்துடன் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கடிதத்தில் வலயக் கல்வி அலுவலகத்தின் ஒப்பமும் வேண்டும் என்று கருமபீடத்தில் இருந்தவர் சொன்னார். அரை மணி நேரம் மன்றாடிய பிறகுதான், அந்தப் புத்தகம் பல வருடங்களாகத் தட்டில் இல்லை என்ற தகவலையும் சேர்த்துச் சொன்னார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நீங்கள் அலைய வேண்டாம். 1964 செப்டெம்பரில் வெளிவந்த 888 பக்க அறிக்கையும், கொலையை மறுபடி விசாரித்த அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசேட குழு 1979இல் வெளியிட்ட அறிக்கையும் அந்நாட்டுத் தேசிய சுவடிகள் காப்பகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வொரன் ஆணைக்குழுவின் சாட்சியங்களும் சான்றுப் பொருள்களும் அடங்கிய 26 தொகுதிகளையும் இணையத்திலேயே படிக்கலாம்.

தனி ஆவணங்களைப் பதிவிறக்குபவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று இலக்கப் பதிவெண் உண்டு. 104 என்று தொடங்கினால் அது அமெரிக்காவின் வெளிநாட்டு உளவு நிறுவனமான சிஐஏயின் ஆவணம், 124 என்றால் உள்நாட்டுப் புலனாய்வு நிறுவனமான எஃப்பிஐயினுடையது, 180 என்றால் பிரதிநிதிகள் சபைக் குழுவினுடையது. கோப்பை அந்த எண்ணாலேயே சேமியுங்கள். நான் அப்படிச் செய்யாததால், மேற்கோள் காட்டிய ஒரு பக்கத்தை மறுபடி கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் போயின.

கோட்பாட்டின் அடிப்படை இவ்விடயத்தில் ஆர்வமுள்ள எவருக்கும் தெரிந்ததே. ஜனாதிபதியின் தம்பியும் சட்டமா அதிபருமாக இருந்த றொபேட் கென்னடி மாபியாத் தலைவர்களை விடாமல் துரத்தினார். நியூ ஓர்லியன்ஸின் கார்லோஸ் மார்செல்லோ 1961 ஏப்ரலில் குவாத்தமாலாவுக்கு நாடுகடத்தப்பட்டார். கியூபப் புரட்சியால் ஹவானாவின் சூதாட்ட விடுதிகளை இழந்த சான்டோ ட்ரஃபிகான்டேயையும், சிகாகோவின் சாம் ஜியன்கானாவையும், ஜொனி ரொசெல்லியையும் பிடல் காஸ்ட்ரோவைக் கொல்லும் சதிக்குச் சிஐஏயே பயன்படுத்தியது. வொரன் ஆணைக்குழுவில் சிஐஏயின் முன்னாள் பணிப்பாளர் அலன் டலஸ் அங்கம் வகித்தும் இந்தக் கடைசி விடயம் அந்த ஆணைக்குழுவுக்குச் சொல்லப்படவில்லை. 1975இல் செனற் குழுவொன்று அதைத் தோண்டி எடுத்தபோது, ஜியன்கானா சாட்சியமளிக்க முன்பே தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாட்சியமளித்த ரொசெல்லியின் உடல் 1976 ஓகஸ்டில் மியாமிக்கு அருகே எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றுக்குள் கிடந்தது. இவற்றை வாசிக்கும்போது சந்தேகம் எழாதவர் இருக்க முடியாது. எனக்கும் எழுந்தது, அந்த வேகத்திலேயே நான்காம் அத்தியாயத்தை எழுதிவிட்டேன்.

அந்த அத்தியாயம் திரும்பி வந்தது. கென்னடி "அநேகமாக ஒரு சதியின் விளைவாகவே" கொல்லப்பட்டார் என்ற 1979ஆம் ஆண்டின் முடிவை அத்தியாயத்தின் உச்சமாக வைத்திருந்தேன். மேற்பார்வையாளர் அந்தப் பந்தியின் ஓரத்தில், "1982 எங்கே?" என்று சிவப்பு மையால் எழுதியிருந்தார். இந்தத் தலைப்பை எடுப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய எச்சரிக்கை இதுதான்: 1979ஓடு நின்றுவிடாதீர்கள். அந்தக் குழுவின் சதி முடிவுக்கு முதன்மையான ஆதாரம், ஒலிவாங்கி திறந்தபடியே இருந்த பொலிஸ் மோட்டார் சைக்கிள் ஒன்றிலிருந்து பதிவானதாகக் கருதப்பட்ட ஒலிநாடா. அதில் நான்கு வேட்டுகள் கேட்பதாகவும், ஒன்று வேறு திசையிலிருந்து வந்ததாகவும் நிபுணர்கள் சொன்னார்கள். 1982இல் தேசிய விஞ்ஞான அக்கடமி நியமித்த குழு, பௌதிகவியலாளர் நோர்மன் ராம்சேயின் தலைமையில் அதை மீண்டும் ஆராய்ந்து, வேட்டுகள் என்று கருதப்பட்ட ஒலிகள் கொலை நடந்து ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குப் பின் பதிவானவை என்று காட்டியது.

அந்தத் தவறை முதலில் பிடித்தவர் விஞ்ஞானியே அல்ல என்பது என்னை மிகவும் உலுக்கிய செய்தி. ஓஹியோவில் டிரம் வாசிக்கும் ஒருவர், சஞ்சிகை ஒன்றுடன் இணைப்பாக வந்த மெல்லிய இசைத்தட்டில் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறார். வேட்டுகள் இருப்பதாகச் சொல்லப்பட்ட அதே இடத்தில் மெல்லிய மனிதக் குரல் ஒன்று அவருக்குக் கேட்டது. சுட்டு முடிந்த பிறகு ஷெரிஃப் மற்றொரு அலைவரிசையில் கொடுத்த கட்டளை அது. பல்கலைக்கழகமோ ஆய்வுகூடமோ அருகில் இல்லாத இடத்திலிருந்து ஆய்வு செய்பவர்கள் இதை மனதில் வைத்திருக்கலாம். அவரிடம் இருந்தவை ஒரு தட்டும், பொறுமையாகக் கேட்கும் காதும்தான்.

இன்னொன்று: அதே 1979 அறிக்கை, தேசிய அளவிலான குற்றக் கூட்டமைப்பு ஓர் அமைப்பாக இக்கொலையில் ஈடுபடவில்லை என்றுதான் சொல்கிறது. தனி உறுப்பினர்கள் ஈடுபட்டிருக்கக்கூடிய வாய்ப்பைக் கிடைத்த சான்றுகள் விலக்கவில்லை என்பதே அதன் அடுத்த வரி. மார்செல்லோவுக்கும் ட்ரஃபிகான்டேக்கும் நோக்கமும் வசதியும் வாய்ப்பும் இருந்தன என்று கூறும் குழு, அவர்களைக் கொலையோடு இணைக்கும் நேரடிச் சான்றை முன்வைக்கவில்லை. தமிழில் வரும் கட்டுரைகளும் காணொளிகளும் முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எடுத்து, "விலக்கவில்லை" என்பதை "நிரூபித்தது" என்று மாற்றிவிடுகின்றன. என் மாணவனிடம் வந்து சேர்ந்த கதையும் அப்படி மாறியதுதான்.

மொழிபெயர்ப்பில் பட்ட பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். கென்னடியைப் பற்றி ட்ரஃபிகான்டே தன்னிடம் சொன்னதாக ஹோசே அலெமான் என்பவர் கூறிய "ஹிட்" (hit) என்ற ஒற்றை ஆங்கிலச் சொல், இக்கோட்பாட்டின் தூண்களில் ஒன்று. நான் பார்த்த தமிழ்க் கட்டுரை ஒன்று அதைச் "சுடப்படுவார்" என்று பெயர்த்திருந்தது. நானும் அப்படியே எழுதினேன். பிறகு 1978இல் குழுவின் முன் நடந்த பகிரங்க விசாரணையின் பதிவைப் படித்தபோது திகைத்துப்போனேன். அங்கே அலெமான், தேர்தலில் எதிர்க்கட்சி வாக்குகளால் அடிவாங்குவார் என்பதும் அதன் பொருளாக இருந்திருக்கலாம் என்று பின்வாங்குகிறார். ட்ரஃபிகான்டேயோ தான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். தாங்கள் பேசியது ஸ்பானிய மொழியில், அந்த வழக்கே அம்மொழியில் இல்லை என்றும் வாதிடுகிறார். "சுடப்படுவார்" என்று எழுதிய கணத்திலேயே, விசாரணைக் குழுவால் தீர்க்க முடியாத கேள்வியை நான் தீர்த்துவைத்துவிட்டேன். ஒரு கிழமை யோசித்து, கடைசியில் "அவருக்கு அடி விழப்போகிறது" என்று எழுதினேன். தேர்தல் தோல்விக்கும் நாங்கள் அப்படிச் சொல்வோம், உயிருக்கு வரும் ஆபத்துக்கும் சொல்வோம். அந்த வரியின் அருகே மேற்பார்வையாளர் ஒரு சரி போட்டிருந்தார். இந்த இரண்டு வருடங்களில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த அடையாளம் அது.

ஐந்தாம் அத்தியாயம் ஜக் ரூபியைப் பற்றியது. கென்னடி கொல்லப்பட்டு இரண்டு நாள்களின் பின், 1963 நவம்பர் 24ஆம் திகதி, டலஸ் நகரப் பொலிஸ் தலைமையகத்தின் நிலக்கீழ்த் தளத்தில் லீ ஹார்வி ஒஸ்வால்டைச் சுட்டுக் கொன்ற இரவு விடுதி உரிமையாளர் இவர். ஒஸ்வால்டின் வாயை மூட மாபியா அனுப்பிய ஆள் என்பதே கோட்பாடு. ஆனால் சுடுவதற்குச் சற்று முன்பு அவர் வெஸ்டர்ன் யூனியன் கிளையொன்றில் நின்று, தன் விடுதியில் ஆடும் பெண்ணொருத்திக்கு 25 டொலர் அனுப்பியிருக்கிறார். பற்றுச்சீட்டில் குத்தப்பட்ட நேரம் 11.17. வெடி தீர்ந்தது 11.21க்கு. வெளிநாட்டிலிருந்து அண்ணா அனுப்பும் பணத்துக்காக வரிசையில் நின்று பழகிய எனக்கு, அந்தச் சீட்டின் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை. ஒஸ்வால்டைக் காலை பத்து மணிக்குப் பின் இடம் மாற்றுவதாகத்தான் அறிவிக்கப்பட்டிருந்தது. விசாரணை நீண்டதால் தாமதமானது. குறித்த நேரத்தில் மாற்றியிருந்தால் ரூபி அங்கே இருந்திருக்கவே மாட்டார். ஒப்பந்தக் கொலைகாரன் இப்படியா வருவான் என்று வொரன் தரப்பு கேட்கும். அதே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே 1979ஆம் ஆண்டுக் குழு, அந்தச் செயல் முற்றிலும் திடீர் உணர்ச்சியால் நிகழ்ந்ததல்ல என்றும், கட்டடத்துக்குள் நுழைய அவருக்கு உதவி கிடைத்திருக்கலாம் என்றும் கருதியது. கொலைக்கு முந்திய மாதங்களில் குற்றக் கும்பல்களோடு தொடர்புடையவர்களுக்கு அவர் எடுத்த தொலைபேசி அழைப்புகளும் இப்படித்தான். அவற்றில் பலவற்றுக்கு, தன் விடுதிக் கலைஞர்களின் சங்கத்தோடு அவருக்கிருந்த தகராறு விளக்கம் தருகிறது, எல்லாவற்றுக்கும் தரவில்லை. இரண்டு வாசிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எனக்கு முதலாவதே வலுவாகத் தெரிகிறது என்பதையும் மறைக்காமல் எழுதினேன்.

தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாமினி எழுத்துருவில் அடித்த இரண்டு அத்தியாயங்கள், அந்த எழுத்துரு இல்லாத கடைக் கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக விரிந்தன. யுனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள்.

இனிக் கையளித்த கதை. முதல் தடவை விடியப் புறப்பட்டு மாங்குளத்தில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். மூன்று பிரதிகளும் மழைக்கு நனையாமல் உரப்பைக்குள் இருந்தன. எழுதுவினைஞர் முதல் பக்கத்தைத் திறந்ததும், "மூன்றிலும் மைக் கையொப்பம் வேணும் ரீச்சர், இரண்டில இருக்கிறது போட்டோக்கொப்பி" என்றார். அறிவுறுத்தலில் அப்படி ஒரு வரி இல்லை என்று தாளை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவும் இல்லை. மேற்பார்வையாளர் அன்று கொழும்பில் இருந்தார். இரண்டாவது தடவை மூன்று கையொப்பங்களும் இருந்தன. நூலகத்துக்குக் கடன் இல்லை என்ற சான்று இல்லை. அந்த நூலகத்தில் நான் ஒரு புத்தகம்கூட இரவல் பெற்றதில்லை என்றேன். "அதைத்தான் அவங்கள் எழுதித் தரவேணும்" என்று பதில் வந்தது. எழுதித் தரவேண்டியவர் விடுப்பில் இருந்தார். திரும்பும் வழியில் முறிகண்டியில் பஸ் நின்றபோது பிள்ளையாரடிக்கு இறங்கிப் போனேன். கற்பூரம் கொளுத்தினேன், கச்சான் வாங்கும் மனநிலைகூட இருக்கவில்லை.

மூன்றாவது பயணத்துக்கு முன், வேண்டிய தாள்கள் எவையெவை என்று தொலைபேசியில் கேட்டு, சொன்னவரின் பெயரையும் பதவியையும் குறித்துக்கொண்டேன். நீங்கள் முதல் தடவையே அதைச் செய்யுங்கள். அன்று எதுவும் குறையவில்லை. எழுதுவினைஞர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, ஏற்றுக்கொண்டதற்கான துண்டை எழுதி, திகதி முத்திரையைக் குத்தி நீட்டினார். அதில் நேரம் இல்லை. நேரத்தையும் எழுதித் தாருங்கள் ஐயா என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, 2.40 என்று முத்திரைக்குக் கீழே எழுதித் தந்தார்.