600 கேட்டேன், 400 வந்தது

எம்.இ. ப்ராஜெக்டில் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க பிரஷ்லெஸ் டபுளி-ஃபெட் மெஷினை (இரண்டு இடத்தில் மின்சாரம் இணைக்கும், பிரஷ் இல்லாத மின் இயந்திரம்) எடுத்தது என் ஆர்வக்கோளாறு. காற்றாலைகளில் ஓடும் சாதாரண டபுளி-ஃபெட் ஜெனரேட்டரில், சுழலும் பாகத்தோடு மின்சாரத்தை இணைக்கும் கார்பன் பிரஷ் தேயும். கோபுரத்து உச்சிக்கு ஏறித்தான் மாற்ற வேண்டும். இதில் பிரஷும் இல்லை, அது உரசும் ஸ்லிப் ரிங்கும் இல்லை. சுழலாத பாகமான ஸ்டேட்டரிலேயே இரண்டு வைண்டிங் (கம்பிச் சுருள்): ஒன்று நேராக 50 ஹெர்ட்ஸ் லைனுக்கு, மற்றது ஹெர்ட்ஸை மாற்றித் தரும் கன்வெர்ட்டருக்கு. கேட்க அழகாகத்தான் இருந்தது.

நான் எடுத்துக்கொண்டது 48 ஸ்லாட் (சுருள் வைக்கும் பள்ளம்) ஸ்டேட்டர். லைனுக்குப் போகும் பவர் வைண்டிங் 4 போலில் (காந்த முனை), கன்வெர்ட்டருக்குப் போகும் கன்ட்ரோல் வைண்டிங் 8 போலில். சுழலும் பாகமான ரோட்டரில் ஆறு கூடுகள், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையங்கள். ஆக ரோட்டரில் 18, ஸ்டேட்டரில் 6, மொத்தம் 24 கரண்ட். ரோட்டர் திரும்பத் திரும்ப மியூச்சுவல் இண்டக்டன்ஸும் (சுருள்களுக்கு இடையிலான காந்தப் பிணைப்பு) மாறும். அதை மேட்லேப் என்ற கணக்கு சாஃப்ட்வேரில் கணக்கிட்டு அட்டவணையாக வைத்துக்கொண்டேன்.

முதல் அடி அங்கேயே விழுந்தது. 4 போலும் 8 போலும் ஒன்றையொன்று கண்டுகொள்ளக் கூடாது. பேச்சுவார்த்தை எல்லாம் ரோட்டர் வழியாகத்தான். இரண்டுக்கும் இடையே பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் எனக்கு ஒரு சின்ன எண் ஒட்டிக்கொண்டே இருந்தது. ரவுண்டிங் பிழை என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் கிராஃப் தாளை எடுத்து, 8 போல் வைண்டிங்கின் மூன்று ஃபேஸில் ஏ ஃபேஸ் உண்டாக்கும் காந்தவிசையை மட்டும் படிப்படியாக வரைந்தேன். நாலு மேடும் நாலு பள்ளமும் ஒரே அளவில் வந்திருக்க வேண்டும். ஒரு மேடு மட்டும் அமுங்கிக் கிடந்தது. அந்த ஃபேஸின் 16 காயிலில் ஒன்றுக்குக் கரண்ட் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மாற்றி எழுதியிருந்தேன். இதை எந்தச் சாஃப்ட்வேரும் எனக்குச் சொல்லவில்லை.

அப்புறம் கம்ப்யூட்டரில் மெஷினை ஓட்டிப் பார்த்தேன். நின்ற நிலையில் இரண்டு வைண்டிங்குக்கும் ஒரே நேரத்தில் சப்ளை கொடுத்ததில் டார்க் (சுழற்றும் விசை) பேயாட்டம் ஆடியது. முறை வேறு: முதலில் கன்ட்ரோல் வைண்டிங்கின் முனைகளை ஒன்றாகச் சேர்த்து ஷார்ட் செய்ய வேண்டும். 12 போல் இண்டக்‌ஷன் மோட்டார் போல 500 ஆர்.பி.எம்.முக்குக் கிட்டே வந்து நிற்கும். அப்போது அந்த வைண்டிங்குக்கு டி.சி. கொடுத்தால் சரியாக 500-ல் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டது.

இனி கன்ட்ரோல் பக்கம் மெதுவாக 10 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் 60 × (50+10) ÷ 6 (இரண்டு வைண்டிங்கின் போல் ஜோடிகள் 2+4), அதாவது 600 வர வேண்டும். வேகமோ இறங்கி 400-ல் போய் நின்றது. சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வரைச் சந்தேகப்பட்டேன், அதற்கு அனுமதித்த பிழை அளவான டாலரன்ஸைக் குறைத்தேன், ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். அதே 400. காலையில் டீ குடிக்கும்போதுதான் உறைத்தது: 60 × (50−10) ÷ 6. கன்ட்ரோல் பக்கத்துச் சப்ளை பிளாக்கில் பி, சி ஃபேஸ்களை மாற்றிக் கோத்திருந்தேன். அதனால் 10 கூடாமல் கழிந்துவிட்டது. மெஷின் சொன்னபடிதான் கேட்டிருக்கிறது.

மாற்றியதும் 600. அப்போதும் மனசு நம்பவில்லை. பவர் வைண்டிங்கின் போல் ஜோடி 2, 600 ஆர்.பி.எம். என்றால் வினாடிக்கு 10 சுற்று; ஆக ரோட்டர் கரண்ட் 50 − 2×10 = 30 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். திரையில் 0.1 வினாடிக்குள் பென்சில் முனையை வைத்து எண்ணினேன். சரியாக மூன்று அலை.

ப்ராஜெக்ட் கைடிடம் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரிப்பா, லோடு போட்டுப் பாத்தியா?" என்றார்.

போட்டேன். கொஞ்சம் கூட்டியதுமே பூட்டு விட்டுப்போய், வேகம் மேலும் கீழுமாக அலைய ஆரம்பித்தது. அன்று ராத்திரியே, வேகத்தைப் பிடித்து நிறுத்தும் கன்ட்ரோலர் எழுத உட்கார்ந்தேன்.